பதினோரு மணிக்குக் கழட்டுற பெல்ட்டு

டிசம்பர் 2, திங்கள்

வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு. இட்டமொழி விலக்குத் தாண்டி, காலையில ஆறே கால் மணிக்கு, பின்னால நாலு டிரம் இட்லி மாவோட. ஒரு வாரமாவே டேஷ்போர்டுல பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட்டு எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு. பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். கண்ணக் கூசுதேன்னு அதுமேல ஒரு ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டி வச்சதே நான்தான்.

ஒன்பது கடைக்கு மாவு போடுதேன். பத்து மணிக்குள்ள போய்ச் சேரலன்னா புளிச்சுப் பொங்கி டிரம்முக்கு வெளிய வந்துரும். சுடலைமணி ஆட்டோவ வரச் சொல்லி, டிரம்ம அதுல மாத்தி, நானும் ஓரமா தொத்திகிட்டுப் போய் கடை கடையா இறக்கிட்டேன். பொறவு அதே ஆட்டோவுல கயிறு கட்டி வண்டிய வீட்டுக்கு இழுத்துட்டு வந்தோம். திசையன்விளை மெயின் ரோட்டுல இசக்கிமுத்து ஒர்க்ஷாப்பத் தாண்டித்தான் வரணும், வேற வழி கிடையாது. அவரு இடுப்புல கை வச்சிகிட்டு வெளிய வந்து நின்னு பாத்தாரு. நான் ஸ்டியரிங்கயே பாத்துகிட்டு வந்தேன்.

இது போன வருஷத்து டைரி. சவுதியில, தம்மாம்ல இருக்குற அத்தான் அனுப்புற கம்பெனி டைரி வருஷா வருஷம் நவம்பர்லயே யார் கையிலயாவது வந்துரும். இந்த வருஷம் வரல. தூக்கம் வரலன்னா எதையாவது எழுதுங்கன்னு பிரஷர் பாக்குற நர்ஸம்மா சொன்னாங்களேன்னு காலியா கிடந்த பக்கத்துல எழுதுதேன். எழுதுனா தூக்கம் வருதோ இல்லியோ, கை வலிக்கு.

டிசம்பர் 3, செவ்வாய்

பதினோரு வருஷமா தம்மாம்ல கார் மெக்கானிக்கா இருக்குற மனுஷனுக்குப் பெண்டாட்டியா இருந்துகிட்டு, சிவப்பு லைட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுனேன்னு சொன்னா என்ன ஏச்சு கிடைக்கும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் போன் போட்டேன். நம்மூரு பதினோரு மணி, அங்க எட்டரை. எட்டு மணிக்கு ஒர்க்ஷாப்பு தொறந்துட்டா போனத் தொட விடமாட்டாங்கன்னு எப்பவும் சொல்லுவாரு. இன்னைக்கு முதல் ரிங்குலயே எடுத்தாரு. வீடியோவுல பின்னால கட்டிலும் போர்வையும் தெரிஞ்சுது. தாடி வேற.

"என்ன அத்தான், வேலைக்குப் போவலியா?"

"ஒர்க்ஷாப்பு இன்னைக்கு லீவு. என்ன விஷயம் சொல்லு."

செவ்வாக்கிழமை என்ன லீவோ. விஷயத்தச் சொன்னேன். ஸ்டிக்கர் விஷயத்தையும் சொன்னேன். ஏசுவாருன்னு பாத்தா, ஏசல. உள்ளடங்குன குரல்ல, "டைனமோ செத்துட்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறல. பெல்ட்டும் வெடிச்சிருக்கும், அதையும் மாத்தணும்"னாரு.

"இசக்கிமுத்துகிட்ட விடட்டுமா?"

"அவன் கை என் வண்டியில படக்கூடாது."

இதுக்கு மட்டும் குரல் வந்துச்சு. அத்தானும் இசக்கிமுத்துவும் முன்னால கூட்டா கடை வச்சிருந்தவங்க. ஒரு நாள் பேச்சு முத்தி, கடைக்கு வந்த ஆளுக முன்னால "நான் மெக்கானிக்கு, நீ எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்குற ஆளு"ன்னு இசக்கிமுத்து சொல்லிட்டாரு. அந்த ரோஷத்துல வெளிநாடு போனவருதான். திரும்பி வந்து அவன் கடைக்கு நேர் எதுக்க பெருசா ஒண்ணு போடுதேன்னு சொல்லிட்டுப் போனாரு. பதினோரு வருஷமா அந்த எதுத்த இடத்துல ஒரு வேப்ப மரம்தான் நிக்குது.

"அப்ப யாரு மாட்டுறது? நீங்க அங்க இருக்கீங்க."

"நீ மாட்டு. நான் சொல்லுதேன்."

பானெட்டுக்குப் பக்கத்துல போனாலே "ஏட்டி, கைய வைக்காத"ம்பாரு. அந்த மனுஷன் சொன்ன பேச்சு இது.

டிசம்பர் 4, புதன்

கழட்டியாச்சு. செல்போன பேட்டரி மேல சாத்தி வச்சுகிட்டு, அவரு பாக்க நான் கழட்டுனேன். முதல்ல பேட்டரி மைனஸ் வயரக் கழட்டச் சொன்னாரு. நான் ஸ்பேனரப் பிளஸ்ல வச்சு, அது பாடியில இடிச்சு, படீர்னு ஒரு பொறி. "கூறுகெட்டவளே, மைனஸுன்னு சொன்னா காதுல விழலியா"ன்னு ஒரு கத்து கத்துனாரு. நேத்தைக்குப் பேசுன குரலுக்கு இது எவ்வளவோ தேவல.

டைனமோன்னா ஒண்ணுமில்ல, சின்னப் பூசணிக்கா அளவுல ஓட்டை ஓட்டையா ஒரு இரும்பு. ரெண்டு போல்ட்டுல தொங்குது. கீழ் போல்ட்டு கதவுக்குக் கீல் மாதிரி. மேல் போல்ட்டு நீளமான ஓட்டையில முன்ன பின்ன நகரும். ரெண்டையும் தளத்தி டைனமோவ எஞ்சின் பக்கம் தள்ளுனா பெல்ட்டு தொங்கிரும், கழட்டிரலாம். சொல்லும்போது சுளுவாத்தான் இருக்கு. அந்தக் கீழ் போல்ட்டு சவம், துருப்பிடிச்சு ஒரு மணி நேரம் அசையல. நகம் ரெண்டு போச்சு. மாவுல கை வைக்கிறவளுக்கு நகம் எதுக்கு.

அரிசி ஏழு படி ஊறுது. உளுந்து இந்தத் தடவை பொங்குறதில்ல, கடைக்காரன மாத்தணும்.

டிசம்பர் 5, வியாழன்

டைனமோவ அரிசிச் சாக்குல போட்டு மடியில வச்சுகிட்டு வள்ளியூருக்குப் பஸ்ல போனேன். கண்டக்டரு "என்னம்மா, பலாப்பழமா"ன்னாரு. ஆமா, சுளை வேணுமான்னேன். எலக்ட்ரிக் கடைக்காரரு பிரிச்சுப் பாத்து, உள்ள கார்பன் தேஞ்சு போச்சுன்னு மாத்திக் குடுத்தாரு. பெல்ட்டும் புதுசு வாங்கியாச்சு. "மெக்கானிக்கு யாரு?"ன்னு கேட்டாரு. வீட்டுக்காரருன்னு சொன்னேன். பொய்யில்ல.

டிசம்பர் 6, வெள்ளி

பதினோரு மணிக்குப் போன் பண்ணுனேன். "நாளைக்கு மாட்டுவோம், இன்னைக்கு ஒர்க்ஷாப்புல ஆள் கொஞ்சம் கம்மி, நான் போகணும்"னாரு.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா."

"ஆமா, ஆமா. வெள்ளி"ன்னாரு.

பதினோரு வருஷமா அந்த ஒரு நாள் லீவுக்காக வாரம் பூரா விரல மடக்கிகிட்டிருந்த ஆளு. சாம்பார் அடுப்புல இருக்குன்னு போன வச்சுட்டேன்.

டிசம்பர் 7, சனி

இன்னைக்குப் பாடம். பெல்ட்டு எப்படி மூணு சக்கரத்துலயும் உக்காரணும்னு காட்டுனாரு. ரெண்டு சில்வர் டம்ளரையும் ஒரு ஊறுகா பாட்டிலையும் தலையணை மேல வச்சு, துண்ட முறுக்கிச் சுத்திக் காட்டுனாரு. "இது எஞ்சின் சக்கரம், இது தண்ணி பம்பு, இந்த ஊறுகா பாட்டில்தான் டைனமோ. பாட்டில வெளிய இழு, துண்டு இறுகுதா? அவ்வளவுதான்." நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு, எனக்கே புரிஞ்சுது.

கெசியா ஹாஸ்டல்ல இருந்து சாயங்காலம் போன் போட்டா. "ம்மா, அப்பா எந்நேரமும் ஆன்லைன்லயே இருக்காங்க. வேலை நேரத்துல கூட"ன்னா. உனக்கு நர்சிங் படிக்க அனுப்புனமா, அப்பன வேவு பாக்க அனுப்புனமான்னு ஏசிட்டு வச்சுட்டேன்.

ஒர்க்ஷாப்பு பூரா டைனமோவா கிடக்கும்னு சொல்லுவாரு. ஒண்ண எடுத்துக் காட்டிருக்கலாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது பக்கத்து வீட்டு ரூபி அக்கா தம்பி செல்வின் நின்னான். நேத்துதான் தம்மாம்ல இருந்து வந்திருக்கான். அத்தானுக்கு அடுத்த ரூமு. ஸ்தோத்திரம் சொல்லிட்டு ஓரமா கூப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்"னேன். என்னன்னு தெரியாமலே தெரியும்னு சொல்லுறதுதான் நம்ம வழக்கமாச்சே.

அவன் பாரம் இறங்குன மாதிரி எல்லாத்தையும் சொன்னான். ஒர்க்ஷாப்ப இழுத்து மூடி ரெண்டு மாசம் ஆகப் போகுது. எல்லாருக்கும் நாட்ட விட்டுப் போகச் சொல்லி எக்ஸிட் அடிச்சுக் குடுத்தாச்சு. இந்த மாசம் இருபத்தொன்பதோட கெடு முடியுது, அதுக்குமேல அங்க இருந்தா போலீஸ் பிடிச்சு உள்ள வச்சிரும். ஒர்க்ஷாப்பு ஆளுக மத்தவனெல்லாம் கிளம்பிட்டான். அத்தான் மட்டும் "வெறுங்கையோட என்ன மூஞ்சிய வச்சுகிட்டு அந்த ரோட்டுல போவேன்"னு கட்டில்லயே கிடக்காராம். சாப்பிடக் கூப்பிட்டா வாரதில்லயாம்.

"போன மாசம் ஒரு நாள், நான் செத்தா பொட்டியில அனுப்பத்தான் போறான் கம்பெனிக்காரன், அப்ப யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்னு சொன்னாருக்கா. எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. இந்த நாலஞ்சு நாளாத்தான் காலையில எந்திரிக்காரு. பொண்டாட்டிக்கு வண்டி வேலை சொல்லிக் குடுக்கணும்னு குளிக்காரு."

நான் மறுபடியும் தெரியும்னேன். வீட்டுக்கு வந்து கறி வச்சேன். உப்புப் போட மறந்துட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

தூங்கல. வந்துருங்கன்னு சொல்லிரலாம்னு மூணு தடவ போன எடுத்தேன். எனக்குத் தெரிஞ்சுட்டுன்னு தெரிஞ்சா அந்த ஆளு போனையே எடுக்க மாட்டாரு. ரூபி அக்கா அண்ணன் கலியாணத்துல யாரோ இலையில முதல்ல வைக்கலன்னு எந்திரிச்சு வந்தவரு, சவுதி போற வரைக்கும் அந்த வீட்டு வாசல் மிதிக்கல. ரோஷம்னா அப்படி ரோஷம்.

கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும்னு மத்தியானம் டைனமோவத் தூக்கிட்டு வந்து நானே மாட்டிட்டேன். கீழ் போல்ட்ட முதல்ல கையாலயே திருகி விட்டு, மேல் போல்ட்டயும் விட்டு, பெல்ட்ட மூணு சக்கரத்துலயும் உக்காத்தி, டைனமோவுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கடப்பாரையக் குடுத்து நெம்பி டைட் வச்சேன். நம்ம மாவு கிரைண்டர் பெல்ட்டுக்கு எப்படி வைப்பேனோ அப்படி, சுண்டுனா டிங்குன்னு சத்தம் கேக்குற மாதிரி. ஸ்டார்ட் பண்ணுனா டைனமோ ஊளையிடுது. கிரைண்டர் பெல்ட்டு வேற, வண்டி பெல்ட்டு வேறன்னு அப்பத்தான் உறைச்சுது. தளத்தி, கட்ட விரலால அமுக்குனா அரை இஞ்ச் உள்ள போற மாதிரி வச்சேன். ஊளை நின்னுடுச்சு. ஸ்டிக்கரப் பிச்சுப் பாத்தா சிவப்பு லைட்டும் இல்ல.

உவரி வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். கடல் பக்கத்துல வண்டிய நிப்பாட்டிட்டு நல்லா அழுதேன். அழுதுட்டு எல்லாக் கடைக்கும் போன் போட்டு நாளையில இருந்து மாவு நேரத்துக்கு வந்துரும்னு சொன்னேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மாட்டிட்டேன்னு சொல்லத்தான் பதினோரு மணிக்குப் போன் போட்டேன். கர்த்தர் சாட்சியா அதுக்குத்தான்.

எடுத்தாரு. தாடி இல்ல, தலைக்கு எண்ணெ வச்சு சீவிருக்காரு. கையில ஒரு நோட்டு. பேனாவால படம் போட்டு, அம்புக்குறி வச்சு, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் எழுதி வச்சிருக்காரு. "பாத்தியா, ராத்திரி இருந்து போட்டேன். இன்னைக்குக் கீழ் போல்ட்டு. அவசரப்படக் கூடாது"ன்னாரு.

போன வண்டிப் பக்கம் திருப்பாம, "சரி அத்தான்"னேன். "எங்க மாட்டணும்?"

டிசம்பர் 11, புதன்

விடியக்காலம் அஞ்சு மணிக்கு மாவக் கொண்டுகிட்டுக் கிளம்புனேன். ஒன்பது மணிக்கு வீடு. எஞ்சின் சூடு ஆறுற வரைக்கும் பாத்திரம் கழுவுனேன். பத்தே முக்காலுக்கு பெல்ட்டக் கழட்டி, டைனமோவ இறக்கித் தரையில வச்சேன். பதினோரு மணிக்குப் போன் போட்டு, "இது எந்தப் பக்கம் வரும் அத்தான்?"னேன். பன்னெண்டரை வரைக்கும் தப்புத் தப்பா வச்சுக் காட்டி, சரி நாளைக்குப் பாப்போம்னு அவரு போன வச்சதும் மாட்டிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

அதே.

டிசம்பர் 13, வெள்ளி

இன்னைக்கு நட்ட வேணும்னே கீழ தவற விட்டேன். "ஏட்டி, உன் கை என்ன கையா, இல்ல அகப்பையா"ன்னு ஏசுனாரு. தேடுற மாதிரி பத்து நிமிஷம் காருக்கு அடியில படுத்துக் கிடந்தேன். அவரு அங்க இருந்துகிட்டு "இடது பக்கம் பாரு, சக்கரத்துக்குப் பின்னால பாரு"ன்னு ஒரே சத்தம். பக்கத்துல யாரோ மலையாளத்துல என்னன்னு கேக்க, "என் பொண்டாட்டி கார் வேலை பாக்குதா"ன்னு சிரிச்சாரு. சாப்டீங்களான்னா சாப்டேன், முட்டை பொரிச்சேன்னு சொன்னாரு. இருபத்திரெண்டு வருஷத்துல ஏச்சு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

டிசம்பர் 15, ஞாயிறு

ரூபி அக்கா மதில் மேல கை வச்சுகிட்டு எல்லாத்தையும் பாத்திருக்கா. "ஏ பியூலா, நேத்து நவ்வலடி ரோட்டுல வண்டியில போனியே. இப்ப என்னத்துக்குக் கழட்டுத? கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"ன்னா.

"சர்வீஸ்"னேன்.

"தெனமுமா?"

உள்ள வந்து கதவச் சாத்திட்டேன். கேரல் பாட வாரவங்களுக்குப் பலகாரம் செய்யணும். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தாச்சு.

டிசம்பர் 17, செவ்வாய்

பேச்சோட பேச்சா இன்னைக்குச் சொல்லிப் பாத்தேன். "கடைசி டைட்ட நீங்க வந்து வையுங்களேன் அத்தான். கிறிஸ்துமஸுக்கு லீவு கேளுங்களேன்."

முகம் அப்படியே மாறிட்டு. "லீவு எங்க, வேலை தலைக்கு மேல கிடக்கு"ன்னு வச்சுட்டாரு. பதினொன்னரைதான் ஆச்சு. நான் போட்ட திட்டத்துக்கு நானே செருப்பால அடிச்சுகிடணும். இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு.

டிசம்பர் 18, புதன்

கெசியா லீவுக்கு வந்துட்டா. வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டா. பத்தே முக்காலுக்கு நான் ஸ்பேனர எடுக்கையில பின்னால வந்து நின்னு, "ம்மா, ஓடுற வண்டிய ஏன் கழட்டுறீங்க?"ன்னா. உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். அழுதா. பொறவு மூக்கத் துடைச்சுட்டு, "இது எத்தன நாளைக்கு ஓடும்? இருபத்தொன்பதாம் தேதி அவங்கள போலீஸ் பிடிக்கும்போதும் நீங்க நட்டு தேடிகிட்டிருப்பீங்களா?"ன்னா.

வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன், பாவம். அவ சொன்னது சரிதான். நான் அவரக் காப்பாத்துதேனா, இல்ல அவரு வேலையில்லாம இருக்கதுக்கு வேலை குடுத்துகிட்டிருக்கனா. தெரியல. உண்மையச் சொன்னா போயிருவாரோன்னு பயம். சொல்லாட்டியும் போயிருவாரோன்னு பயம்.

டிசம்பர் 20, வெள்ளி

மாட்டிகிட்டேன்.

வழக்கம் போல பதினோரு மணி. டைனமோவ மாட்டி, பெல்ட்டப் போட்டு, டைட் வைக்கிற கட்டம். "போனக் கிட்ட கொண்டு வா. மேல் போல்ட்டக் காட்டு"ன்னாரு. காட்டுனேன். "இன்னும் கிட்ட." காட்டுனேன். "பெல்ட்டத் திருப்பி உள் பக்கத்தக் காட்டு." அதையும் காட்டுனேன். நெட்டு போயிருச்சோன்னு பாத்தா அவரு கண்ணு கொட்டாம பாத்துகிட்டு இருக்காரு.

"பியூலா, அந்த போல்ட்டு எத்தன தடவ கழண்டிருக்கு?"

"ஏன்?"

"தலையில மூலை பூரா பளபளன்னு இருக்கு. வாஷர் பதிஞ்ச தடம் ஒரே எடத்துல ஏழெட்டு இருக்கு. முறுக்கி ஓட்டுனாத்தான் அப்படிப் பதியும். புது பெல்ட்டு, இன்னும் மாட்டி ஓட்டவே இல்லன்னு சொல்லுத. உள் பக்கம் கண்ணாடியா தேஞ்சிருக்கு. ஓடாத பெல்ட்டு எப்படிட்டி தேயும்?"

மெக்கானிக்குன்னா மெக்கானிக்குதான். ரெண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு ஒரு போல்ட்டப் பாத்துச் சொல்லிட்டாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

"எப்ப மாட்டுன?"

"ஒன்பதாந் தேதி."

"நீயேவா?"

"நானேதான்."

"பொறவு தெனமும் என்னைய ஏன்ட்டி முட்டாளாக்குன?"

கெசியா சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துகிட்டிருந்தா. என் வாய் நிக்கல. இந்த வாய் என்னைக்கு நின்னுருக்கு.

"ஒர்க்ஷாப்பே இல்லாத மெக்கானிக்கு ஊறுகா பாட்டில வச்சுப் பாடம் எடுக்கலாம். ஓடுற வண்டிய நான் கழட்டிக் காட்டக் கூடாதோ?"

அவரு முகத்த என்னால எழுத முடியாது. பொறவு ஸ்கிரீன் கருப்பாயிட்டு.

டிசம்பர் 21, சனி

போன் ஆஃப்ல இருக்கு.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆஃப்ல இருக்கு. கோயிலுக்குப் போகல. செல்வின் அவன் கூட்டாளிக்குப் போட்டுக் கேட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பையத் தூக்கிட்டு வெளிய போனவரு இன்னும் ரூமுக்கு வரலயாம். செல்வின் இதச் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல.

பத்தே முக்காலுக்குக் கை தானா ஸ்பேனர எடுத்துச்சு. எடுத்துட்டு வச்சுட்டேன். ஆண்டவரே, நான் வாய அடக்கிருக்கலாம். இன்னும் ஏழு நாளு கழட்டி மாட்டுனா தேஞ்சா போயிருவேன். அந்த மனுஷனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது நான் பேசுன பேச்சு. கெசியா என் கால்ல தலை வச்சுப் படுத்திருக்கா. ரெண்டு பேரும் சாப்பிடல.

டிசம்பர் 23, திங்கள்

மாவு குடுக்காம இருக்க முடியுமா. நாளைக் கழிச்சுக் கிறிஸ்துமஸு, ஒவ்வொரு கடையும் ரெண்டு மடங்கு கேக்குது. அஞ்சு மணிக்குக் கிளம்பி எல்லா எடத்துலயும் இறக்குனேன். யாரு என்ன பேசுனாங்கன்னு ஒண்ணும் ஞாபகமில்ல.

திரும்பி வரும்போது இசக்கிமுத்து கைய நீட்டி வண்டிய நிப்பாட்டுனாரு. பதினோரு வருஷத்துல முதல் தடவ. ஏதோ சேதி வந்திருக்குன்னு நினைச்சேன். அவரு எஞ்சின் பக்கம் காதச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "சத்தம் சுத்தமா இருக்கு தாயி. வேலை யாரு பாத்தது?"ன்னாரு.

"ஆசீர்"னு அத்தான் பேரச் சொன்னேன்.

"அதான பாத்தேன்"னு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு.

பத்தே முக்காலுக்குப் போன் அடிச்சுது. புது நம்பரு. எடுத்தா அவரு குரலு. பின்னால ஆளுக இரைச்சலு.

"டிக்கெட்டுக்கு ரெண்டு நாளா ஏஜென்ட் ஆபீஸ் வாசல்லயே கிடந்தேன். அந்தப் போனு கீழ விழுந்து உடைஞ்சு போச்சு." எறிஞ்சிருப்பாரு. நான் கேக்கல. "நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் திருவனந்தபுரம்."

கெசியாவக் கையக் காட்டிக் கூப்பிட்டேன்.

"பியூலா, இருக்கியா? வண்டி திருவனந்தபுரம் வரைக்கும் வருமா?"

"மாட்டுனது யாருன்னு நினைச்சீங்க"ன்னேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

வீட்டுல கேரல் சத்தம், கெசியா ஸ்டார் கட்டுதா, அவரு உள்ள தூங்குதாரு. குறட்டை கேக்கு. இத இப்பவே எழுதிரணும்.

கெசியாவ வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் ஓட்டிட்டுப் போனேன். வழி பூரா சிவப்பு லைட்டு எரியுதான்னு பாத்துகிட்டே போனேன், எரியல. ஏர்போர்ட்டு வாசல்ல ஒரே கூட்டம். ஒவ்வொருத்தனும் பெட்டி பெட்டியா தள்ளிகிட்டு வாரான், பிள்ளைங்க ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்கு. கடைசியா அவரு வந்தாரு. தோள்ல ஒரு பை. அவ்வளவுதான். எலும்புல சட்டையத் தொங்க விட்ட மாதிரி இருந்தாரு. என் முகத்தப் பாக்கல. என் கையப் பாத்தாரு, அந்த உடைஞ்ச நகத்த.

"வண்டி எங்க?"ன்னாரு.

பார்க்கிங்குல வண்டிகிட்ட போனதும் பையத் தரையில வச்சாரு. "பானெட்டத் தொற"ன்னாரு. தொறந்தேன். ரெண்டு கையையும் ஊணிகிட்டு உள்ள குனிஞ்சாரு. பெல்ட்டப் பாக்காருன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் தோளு குலுங்குறது தெரிஞ்சுது. சத்தமே இல்லாம அழுதாரு. அத்தன ஜனம் போற வார எடத்துல, தலை மறைச்சுக்கிட இந்த மனுஷனுக்கு அது ஒண்ணுதான் எடம்.

தொடல. தொட்டா நிமிந்துருவாரு. ரோட்டுப் பக்கம் மறைச்ச மாதிரி நான் நின்னுகிட்டேன்.

பக்கத்து டாக்ஸி டிரைவரு ஒருத்தன் ஸ்பேனர் பையோட ஓடி வந்தான். "என்ன சேச்சி, வண்டி கேடாயிட்டா? நான் நோக்கட்டா?"ன்னு கேட்டான்.

"வேண்டாம் தம்பி"ன்னேன். "மெக்கானிக்கு பாத்துகிட்டிருக்காரு."